அவள் இமைக்கட்டும், தம்பி

தம்பி,

கடிதம் என்றால் முதல் வரியில் எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும் என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான் படித்ததே ஐந்தாவது வரைதான். கடிதம் எழுதுவது அந்தக் கடைசி வகுப்பில்தான் வந்தது, அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் ஒருத்திக்குக் கண் நலமில்லை. அவளைப் பற்றி, உன் மகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி முடித்துவிடுகிறாய். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, ஆபீசில் உட்கார்ந்துகொண்டு எவ்வளவு நேரம் அம்மாவிடம் பேச முடியும். ஆனால் இந்த மாதக் கடைசியில் ஹரிணியின் ஆன்லைன் கோச்சிங்கை நிறுத்திவிட்டு அவளை மஸ்கட்டுக்கே அழைத்துக்கொள்ளப் போவதாக முடிவு செய்துவிட்டாய். "டாக்டர் படிப்புக்கெல்லாம் இவ சரிப்பட மாட்டாம்மா. இங்க ஏதாவது ஒரு டிகிரியில சேத்துவிட்டுடறேன்" என்றாய். நீ போனில் பார்த்ததை வைத்து அப்படி முடிவு செய்தாய். நீ பார்க்காதது கொஞ்சம் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு முடிவு செய். எதிர்வீட்டு மருமகள் இந்தக் காகிதங்களைப் படம் எடுத்து உனக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளும் படிப்பாள், படிக்கட்டும். அவள் வீட்டு மேசையிலும் ஒரு போன் பிஸ்கட் டப்பாவில் சாய்ந்துகொண்டு ஒரு பையனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

லீவு முடிந்து நீ கிளம்பிய அன்று காலையில் நடந்தது நினைவிருக்கும். ஏர்போர்ட்டுக்கு வண்டி வாசலில் வந்து நிற்கிறது, நீ கூடத்து மேசையைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தாய். லேப்டாப்பை நடுவில் வைத்தாய். அதன் பக்கத்தில் உன் பழைய போனை ஒரு எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்து, "ஹரிணி, இது காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஆன்லயே இருக்கட்டும். நான் ஆபீஸ் டேபிள்ல வச்சுப் பாத்துக்குவேன். நீ பாட்டுக்குப் படி" என்றாய். போன வருஷம் நீட்டில் கொஞ்சத்தில் தவறிவிட்டாள், இந்த வருஷமும் தவறக் கூடாது என்ற கவலை உனக்கு. எனக்கும் அதே கவலைதான். அதனால் அன்றைக்கு நானும் அந்த டம்ளரைத் துணியால் துடைத்து, வழுக்காமல் இருக்க அடியில் ஒரு துணியை மடித்து வைத்தேன். அதை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

முதல் சில வாரங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. காலையில் குளித்து, நெற்றியில் இட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கும்போதெல்லாம் ஒரே மாதிரி உட்கார்ந்திருப்பாள். முகத்தில் அந்த நீல வெளிச்சம், கண் ஆடாமல் அசையாமல் இருக்கும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பூக்காரியிடம் சொன்னேன், ரேஷன் கடையில் சொன்னேன், கோயிலுக்குப் போகும்போது வடக்கு வாசல் பக்கம் யாரைப் பார்த்தாலும் நிறுத்திச் சொன்னேன். "எம் பேத்தி கண்ணு கொட்டாம படிக்கிறா." பூக்காரிகூடக் கேலி செய்தாள். "உள்ள பெருமாளும்தான் கண்ணு கொட்டாம படுத்திருக்காரு, அவரு என்னத்தப் படிச்சாரு?" நான் அவளை முறைத்துவிட்டு வந்தேன். அவள் சொன்னதை அப்போதே யோசித்திருக்கலாம். கண் கொட்டாமல் இருப்பது சாமிக்குச் சரி. மனுஷப் பிறவிக்கு இமை இருப்பது எதற்கென்று நான் யோசிக்கவில்லை.

அப்புறம்தான் அவளுக்குக் கண் சிவக்க ஆரம்பித்தது. சாயங்காலம் ஆனால் தலையைப் பிடித்துக்கொள்வாள். "மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துது அப்பாயி" என்பாள். ஊரெல்லாம் நானே தம்பட்டம் அடித்துவிட்டு வந்தவள், எனக்கு என்ன தோன்றும்? கண் பட்டுவிட்டது என்றுதான் தோன்றியது. உப்பும் மிளகாயும் வாசல் மண்ணும் எடுத்துக்கொண்டு வந்து அவளைச் சுற்றினேன். அது உனக்கும் தெரியும், ஏனென்றால் டம்ளரிலிருந்து நீ சத்தம் போட்டாய். "அம்மா, நீ மறைக்கிற. அந்தப் பக்கம் நகந்து நின்னு சுத்து." நான் நகர்ந்து நின்று சுற்றினேன். மிளகாயை அடுப்பில் போட்டபோது நெடியே வரவில்லை, ஒரு தும்மல்கூட இல்லை. நெடி வரவில்லை என்றால் திருஷ்டி பலமாக இருந்திருக்கிறது என்று அர்த்தமாயிற்றே, எனக்கு ஒரே திருப்தி. ஹரிணிதான் மெதுவாகச் சொன்னாள், "அப்பாயி, அடுப்புக்கு மேல அப்பா மாட்டிவிட்டுப் போன சிம்னி ஓடிக்கிட்டிருக்கு." அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நீ அங்கிருந்து சிரித்தாய். கடைசியாக நாம் சேர்ந்து சிரித்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு விஷயமும் அப்போது நடந்துகொண்டிருந்தது, அதற்கு நான் அர்த்தம் தெரிந்துகொள்ளவில்லை. நான் அடுப்படியில் இருக்கும்போது கூடத்திலிருந்து உன் குரல் கேட்கும். "ஹரிணி, தூங்காத. போய் மூஞ்சி கழுவிட்டு வா." அவள், "தூங்கலப்பா" என்பாள். நீ, "நான்தான் பாத்தேனே" என்பாய். சில சமயம் ஒரு காலைக்குள் இரண்டு மூன்று தடவை நடக்கும். பிள்ளைக்குத் தூக்கம் வருகிறது போலிருக்கிறது என்று நான் ஒவ்வொரு தடவையும் டிகாக்‌ஷன் தூக்கலாகக் காப்பி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளும் வாங்கிக் குடித்தாள். கொஞ்ச நாளில் உன் குரல் நின்றுவிட்டது. சரி, பெண் சுறுசுறுப்பாகிவிட்டாள் என்று நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன்.

இப்போது, கோச்சிங்கில் அந்த டெஸ்ட் வைத்தார்களே, அந்த நாளுக்கு வருகிறேன். கேள்விகள் ஒன்றன் மேல் ஒன்றாக இரட்டை இரட்டையாகத் தெரிந்ததாம். கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்திருக்கிறாள். முடியாமல் போய், லேப்டாப்பை மூடி, உன் போனையும் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தண்ணீரை அள்ளி அள்ளி அடித்துக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில்தான் நீ என் போனுக்குக் கூப்பிட்டாய். "எங்கம்மா அவ?" கண் எரிகிறது என்கிறாள் தம்பி, என்றேன். "டெஸ்ட் நடுவுலயா எரியும்? நடிக்கிறாம்மா. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லட்டும்." எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன் என்று உனக்குத் தெரியும். அவள் முகத்தில் தண்ணீர் சொட்டச் சொட்ட வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதன் பிறகுதான் அவள் உன்னோடு பேசுவதை நிறுத்தினாள். மறுநாள் நீ மாதக் கடைசி என்று கெடு வைத்தாய். திமிர் என்று நினைத்துக்கொண்டாய். தம்பி, அவள் அன்று சாப்பிடக்கூட இல்லை.

நான் உன்னிடம் கேட்காமல் அவளைத் தில்லைநகரில் ஒரு கண் டாக்டரம்மாவிடம் அழைத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் வெயில் படும் பக்கம் உட்கார்ந்ததும் துப்பட்டாவை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். காவிரிப் பாலம் வந்தால் எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டாள், சின்னதிலிருந்தே அப்படி. அன்று பாலம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

டாக்டரம்மா ரொம்பச் சின்னப் பெண், உன் பெண்டாட்டி சுமதியைவிட இளையவள்தான் இருக்கும். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை எடுத்துக் கீழ் இமையில் மாட்டித் தொங்கவிட்டாள். கண்ணில் ஊறும் ஈரம் அந்தக் காகிதத்தில் இறங்கும், அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வார்களாம். எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு அம்மாவின் காகிதம் பாதிக்கு மேல் நனைந்திருந்ததை நான் பார்த்தேன். நம் பிள்ளையின் காகிதம் வைத்தது வைத்தபடி உலர்ந்து நின்றது. முந்தின நாளெல்லாம் அழுத பெண் தம்பி அவள். கண்ணில் ஈரம் இல்லை என்று காகிதம் சொல்கிறது.

"எவ்வளவு நேரம்மா ஸ்கிரீன் பாக்குற?" என்று டாக்டரம்மா கேட்டாள். "க்ளாஸ் இருக்கு மேடம். அப்புறம் டெஸ்ட். விட்டுப்போனதுக்கு ரெக்கார்டிங்." டாக்டரம்மா சொன்னாள், "ஸ்கிரீன் பாக்குற எல்லாரும்தான் இமைக்கிறதைக் கொறைச்சுடறாங்க. ஆனா நீ இங்க எங்கிட்டப் பேசும்போதுகூட முழுசா இமைக்க மாட்டேங்குறியே. கண்ணைப் பிடிச்சு வச்சுக்கிற. ஏன்மா?"

ஹரிணி என்னைப் பார்த்தாள். பிறகு தன் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "இமைக்கும்போது நெட் நின்னுடுச்சுன்னா, அப்பாவுக்கு நான் தூங்கற மாதிரி தெரியும்."

டாக்டரம்மாவுக்கு உடனே புரியவில்லை. எனக்கும்தான். ஹரிணியே விளக்கிச் சொன்னாள். நம் வீட்டு நெட் அடிக்கடி திக்கித் திக்கி வருமாம். வரும்போது ஓடும், நிற்கும்போது அந்த நொடியில் இருந்த படம் அப்படியே நின்றுவிடும். அவள் இமைக்கிற நொடியில் படம் நின்றால், மஸ்கட்டில் உன் மேசையில் அவள் கண்ணை மூடியபடியே இருப்பாள், நெட் திரும்பி வருகிறவரை. இங்கே அவள் கண்ணைத் திறந்து எழுதிக்கொண்டுதான் இருப்பாள். அங்கே நீ தூங்குகிற மகளைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அவள் "தூங்கலப்பா" என்றால், நீ "நான்தான் பாத்தேனே" என்பாய். நீ பொய் சொல்லவில்லை. அவளும் பொய் சொல்லவில்லை. கடைசியில் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். இமைக்காமலே இருந்துவிட்டால் எப்போது நின்றாலும் கண் திறந்துதானே இருக்கும். அதைத்தான் பழகிக்கொண்டிருக்கிறாள். உன் குரல் நின்றுபோனதற்குக் காரணம் அதுதான், என் காப்பி இல்லை. அதைப் பார்த்துத்தான் நான் தெருத்தெருவாகப் பெருமை பேசினேன்.

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அப்புறம் அவளுக்குச் சின்னக் குழந்தைக்குச் சொல்வது போல இமைக்கச் சொல்லிக்கொடுத்தாள். மெதுவாக மூடு, மேல் இமை கீழ் இமையைத் தொடட்டும், இப்போது திற. பன்னிரண்டாவது முடித்த பெண்ணுக்குக் கண் இமைக்கப் பாடம் நடப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பார்வை போய்விடாது, பயப்பட வேண்டாம் என்றாள். ஆனால் இப்படியே விட்டால் கண்ணின் மேல் பரப்பு உலர்ந்து புண்ணாகும், படிப்பே ஓடாது என்றாள். ஸ்கிரீன் கண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும், ஃபேன் காற்று முகத்தில் நேராக அடிக்கக் கூடாது, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து தூரத்தில் எதையாவது பார்க்க வேண்டும், நினைத்து நினைத்து இமைக்க வேண்டும். ஒரு சொட்டு மருந்தும் எழுதினாள். அது மருந்துகூட இல்லையாம், கண்ணீர் மாதிரி ஒன்று. நம் பிள்ளைக்குக் கண்ணீரை மருந்துக்கடையில் வாங்கினேன் தம்பி.

திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, "அப்பாகிட்டச் சொல்லாத அப்பாயி" என்றாள். ஏன்டி என்றேன். "கண்ணு கெட்டுப்போச்சுன்னு சொன்னா படிப்பை நிறுத்திடுவாரு. கண்ணு நல்லாருக்குன்னு சொன்னா நடிக்கிறேன்னுவாரு. ரெண்டுலயும் நான்தான் தோக்கறேன்." சரி, நான் வாயைத் திறக்க மாட்டேன் என்று சொன்னேன். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

இனி நான் சொல்வதைப் பொறுமையாகப் படி. உன் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வெல்டராக இருந்தபோது சில நாள் கண்ணைத் திறக்க முடியாமல் வருவார். ஹரிணி சொன்ன அதே வார்த்தைதான், மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி. இருட்டு அறையில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருப்பார். வெளிச்சம் கண்ணுக்கு என்ன செய்யும் என்று அந்த மனுஷருக்குத் தெரியும். உன்னை சைக்கிள் பாரில் வைத்துக்கொண்டு கிரில் பட்டறை வழியாகப் போகும்போது, ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் உன் இரண்டு கண்ணையும் பொத்துவார். நீ விரலை விலக்கிப் பார்க்கத் துடிப்பாய். "மூடுடா. கண்ணு போச்சுன்னா எவன் கொடுப்பான்" என்று அதட்டுவார். வீட்டுக்கு வந்து என்னிடம் அப்பா பார்க்க விடவில்லை என்று அழுவாய். கண்ணை மூடு என்று சொன்ன ஒருவரின் மகன் நீ.

இன்னொன்றும் சொல்கிறேன். நீ பன்னிரண்டாவது படித்தபோது எப்படிப் படித்தாய்? குவார்ட்டர்ஸுக்கு முன்னால் இருந்த மைதானத்தில் நடந்துகொண்டே படிப்பாய். புத்தகத்தை ஒரு தடவை பார்ப்பாய், அப்புறம் எதிரே தெரியும் குன்றைப் பார்த்துக்கொண்டு முணுமுணுப்பாய், அந்தப் பக்கம் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போகிறவர்களை எல்லாம் வேடிக்கை பார்ப்பாய். உன் அப்பாவுக்குக் கோபம் வரும். "ஓம் புள்ள மலையப் பாக்குறான், ஆளப் பாக்குறான், புஸ்தகத்த மட்டும் பாக்க மாட்டேங்குறான்" என்பார். நான், "அவன் மனசுல ஓட்டிக்கிட்டிருக்கான், விடுங்க" என்பேன். விட்டார். நீ பாஸ் செய்தாய், இன்றைக்கு மஸ்கட்டில் உட்கார்ந்திருக்கிறாய். அன்றைக்கு உன்னை யாராவது காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொண்டே இருந்திருந்தால், அந்தக் குன்றை நீ ஒரு தடவையாவது பார்த்திருப்பாயா?

நீ கெட்ட அப்பன் இல்லை. கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பக்கத்தில் இருப்பது போல இருக்கும், அதற்காகவும்தான் அந்தப் போனை வைத்தாய் என்று எனக்குத் தெரியும். சுமதி ஒரு நாள் போனில் என்னிடம் சொன்னாள், "அவரு சாப்பிடும்போதுகூட அதைப் பாத்துக்கிட்டேதான் அத்தை சாப்பிடறாரு" என்று. ஊர்க் கண்ணெல்லாம் படக் கூடாது என்று நான் உப்பும் மிளகாயும் சுற்றினேன். பிள்ளையைப் பெற்றவன் பார்ப்பதே அவளுக்குப் பாரமாக இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

நான் கேட்பது இவ்வளவுதான். மாதக் கடைசிக்கு அவளுக்கு டிக்கெட் போடாதே. அவள் டாக்டராக வேண்டும் என்று ஆசைப்படுகிறாள், உனக்காக இல்லை, அவளுக்காகவே ஆசைப்படுகிறாள். டம்ளரில் சாய்ந்திருந்த போனை நான் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன், அதில் திரும்பக் கூப்பிடாதே. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் நானும் அவளும் மொட்டை மாடிக்குப் போகிறோம். ஒரு பக்கம் ராஜகோபுரம், ஒரு பக்கம் மலைக்கோட்டை, நடுவில் எல்லாம் தென்னை. டாக்டரம்மா சொன்ன தூரம் அங்கே தாராளமாக இருக்கிறது. அந்த நேரத்துக்குக் கூப்பிடு. படம் இல்லாமல் குரல் மட்டும் போட்டுப் பேசு. அவள் தூரத்தைப் பார்த்துக்கொண்டே உனக்குப் பதில் சொல்லட்டும். முதல் இரண்டு நாள் பேசாமல் இருக்கலாம், நீ பேசிக்கொண்டே இரு. நடிக்கிறாள் என்று சொன்ன வார்த்தையை மட்டும் நீயேதான் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். அதை அம்மா உனக்காக எழுதித் தர முடியாது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மத்தியானச் சாப்பாடு முடிந்து அவள் கண்ணில் சொட்டு விட்டுக்கொண்டு பக்கத்தில் பாயில் படுத்திருக்கிறாள். மருந்து விட்டால் கொஞ்ச நேரம் கண்ணை மூடியே வைத்திருக்க வேண்டும். பேனா ஓடும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறக்காமலே, "யாருக்கு எழுதுற அப்பாயி?" என்றாள்.

"உங்கப்பனுக்கு."

"சொல்ல மாட்டேன்னியே."

"நான் வாயைத் தொறந்தேனா?"

சிரித்தாள். கொஞ்ச நாளாகக் கேட்காத சிரிப்பு. பிறகு கண் மூடியபடியே சொன்னாள், "இப்ப என்னைப் பாத்தா அப்பா தூங்கறேன்னுதான் சொல்லுவாரு."

நான் எழுதுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். கண் மூடியிருக்கிறது. உதடு மட்டும் மெதுவாக அசைந்துகொண்டே இருக்கிறது, தம்பி. காலையில் நடந்த பாடத்தைச் சொல்லிப் பார்க்கிறாள்.

அம்மா